பெங்களூருக்குக் குடிவருகிறவருக்கு: கன்னடக் கோபம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி இது: "அடுத்த மாதம் மதுரையில் இருந்து மனைவி, மகளோடு பெங்களூருக்கு மாறுகிறேன். போனில் வரும் வீடியோக்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கன்னடம் தெரியாவிட்டால் அங்கே பிழைக்க முடியாதா? தமிழர் என்றால் கூடுதல் வெறுப்பா? ஏன் இந்த மொழிவெறி? வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?"

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா வட ஆற்காட்டுக்காரர். அப்பா மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். தமிழன் என்பதற்காக இந்த ஊரில் நான் நடுங்கிய நாட்கள் உண்டு. அதை மறைத்து உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை. ஆனால் ஐம்பத்தைந்து வருஷத்தில் அப்படிப்பட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மிச்ச நாளெல்லாம் இந்த ஊர் எனக்குச் சோறு போட்டிருக்கிறது. குடும்பத்தோடு தைரியமாக வாருங்கள். கன்னடம் தெரியாமலும் பிழைக்கலாம், லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். கோபமே அதில் இருந்துதான் தொடங்குகிறது.

அந்த "வெறி" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1938இலும் 1965இலும் நம் ஊரில் இந்திக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்களை நாம் வெறியர்கள் என்று சொல்வதில்லை. கடையை உடைப்பவனும் வண்டியைக் கொளுத்துபவனும் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் குற்றவாளிதான். ஆனால் அவன் பின்னால் நிற்கும், கல்லே எடுக்காத ஆயிரம் பேருடைய வருத்தம் வேறு விஷயம். நான் பேச வருவது அந்த வருத்தத்தைப் பற்றி.

பெங்களூரின் நிலைமை இந்தியாவின் பெரும்பாலான மாநிலத் தலைநகரங்களில் இல்லாத ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் கன்னடத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தமிழ் சுமார் 15 சதவீதம். அதற்கு அடுத்தடுத்துத் தெலுங்கும் உருதும். சென்னையில் தமிழ் பேசுவோர் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. இன்று ஒன்றாகத் தெரியும் பெங்களூர் முதலில் இரண்டு ஊர். கெம்பேகௌடர் 1537இல் கட்டியது பேட்டை. சிக்கபேட்டை, அவென்யூ ரோடு எல்லாம் அதுதான். 1809இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொசுவும் காய்ச்சலும் தாங்காமல் இங்கே பெயர்ந்து வந்து, அல்சூர் பக்கம் தண்டு இறங்கியது. அதுதான் கண்டோன்மென்ட். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை இன்றும் "தண்டு" என்றே சொல்வார்கள். மதராஸ் பட்டாளத்தோடு சிப்பாய், சமையல்காரர், தோல் வியாபாரி, கட்டட வேலைக்காரர் என்று தமிழர்கள் வந்தார்கள். பேட்டை மைசூர் மகாராஜாவின் ஆட்சியில், தண்டு வெள்ளைக்காரன் ஆட்சியில். நடுவே கப்பன் பார்க். இரண்டும் ஒரே மாநகராட்சி ஆனது 1949இல்தான். ஆக, தண்டுத் தமிழர்கள் கன்னட ஊருக்குள் வந்தேறியவர்கள் என்று சொல்வதும் சரியில்லை. பக்கத்து ஊரில் இருந்தவர்கள், எல்லைக்கோடு அழிந்ததும் ஒரே ஊர்க்காரர்கள் ஆனவர்கள்.

பேட்டைக்குள்ளும் கதை இப்படித்தான். பெங்களூரின் அடையாளமே கரகத் திருவிழா. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலில் இருந்து பூக்கரகம் புறப்படும். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போய்வரும். அந்தக் கரகத்தைத் தலையில் தூக்குகிறவர்கள் திகளர்கள். தோட்டக்கார சமூகம். பூர்வீகம் தமிழ். பழைய கன்னடத்தில் "திகுள" என்றாலே தமிழ் என்றுதான் பொருள். கன்னடத் தலைநகரின் ஊர்த்திருவிழாவைத் தமிழ் வேர் உள்ளவர்கள் நடத்துகிறார்கள், அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. கன்னட இலக்கியமும் அப்படியே. ஞானபீடம் வாங்கிய மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். பேந்த்ரேயின் வீட்டு மொழி மராத்தி. கிரீஷ் கர்னாடின் வீட்டு மொழி கொங்கணி. இவர்களை வேற்று மொழிக்காரர்கள் என்று எந்தக் கன்னடரும் சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டில் என்ன மொழி என்று இந்த ஊர் தோண்டித் துருவுவதில்லை, வாசலுக்கு வெளியே என்ன மொழி என்றுதான் பார்க்கிறது.

பின் ஏன் சண்டை? 1956இல் கன்னடம் பேசும் பகுதிகள் ஒரே மாநிலமானபோது தலைநகரான பெங்களூரில் கன்னடம் கூச்சத்தோடு நின்றது. தியேட்டரில் தமிழ், தெலுங்கு, இந்திப் படங்கள். ராமநவமிக் கச்சேரி மேடைகளில் வெளியூர் வித்வான்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று மத்திய அரசின் பெரிய தொழிற்சாலைகள் எழுந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர்களில் தமிழரும் மலையாளியும் நிறைய. அ.ந.கிருஷ்ணராயர் போன்ற எழுத்தாளர்கள் 1960களில் கச்சேரி மேடையில் இடம் கேட்டுப் போராடத் தொடங்கினார்கள். கன்னடப் போராட்டக்காரர் வாட்டாள் நாகராஜ் வேற்று மொழிப் படங்களை எதிர்த்துத் தியேட்டர் வாசலில் நின்றார். இன்று ஆட்டோவுக்கு ஆட்டோ பறக்கும் மஞ்சள் சிவப்புக் கொடியும் அந்தப் பத்தாண்டில் பிறந்ததுதான். 1982இல் கோகாக் போராட்டம் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்ற கோகாக் குழுவின் பரிந்துரையை நிறைவேற்றச் சொல்லி நடிகர் ராஜ்குமார் ஊர் ஊராகப் போனார். கூட்டத்தைக் கண்டு அரசு ஆடிப்போனது. அது நடந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். தமிழ் வழியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாத்தியார்கள் முகத்தில் இருந்த கவலை எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது, இரண்டு பக்கத்திலும் பயம் இருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் பார்த்த வீடியோக்களை ஒரு முறை திரும்ப ஓட்டிப் பாருங்கள். சண்டை எங்கே நடக்கிறது? ஆட்டோவில், வங்கிக் கவுண்டரில், கடையில் பில் போடும் இடத்தில், டெலிவரிப் பையன் நிற்கும் வாசலில். ஏன் எப்போதும் அங்கேயே நடக்கிறது? இப்போது குடிவருகிறவரும் உள்ளூர்க்காரரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் இடமே அவ்வளவுதான். ஒருவர் காசு கொடுக்கிறார், மற்றவர் வேலை செய்கிறார். காசு கொடுப்பவரின் மொழியை வேலை செய்பவர் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. கவுண்டரில் மட்டும் அது தலைகீழ். உள்ளூர்க்காரர் இந்தப் பக்கம் நிற்கிறார், அந்தப் பக்கம் இருப்பவருக்கு அவர் மொழி தெரியவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் தன் மொழி செல்லவில்லை என்றால் மனுஷனுக்கு என்ன ஆகும்?

நாங்கள் வளர்ந்த காலத்தில் வேறு இடங்கள் இருந்தன. எங்கள் சந்தில் ஒரே குழாய். விடியற்காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். தமிழம்மா, கன்னட அஜ்ஜி (பாட்டி), உருது பேசும் பாபி (அண்ணி) மூன்று பேரும் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். குடத்தை யாராவது முன்னால் நகர்த்திவிட்டால் சண்டை மூன்று மொழியிலும் நடக்கும். எந்த மொழியில் திட்டினாலும் எதிராளிக்குப் புரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் திட்டியதில் பலன் இல்லை. எங்கள் அம்மா கன்னடம் கற்றது அந்தக் குழாயடியில். ரேஷன் கடை வரிசை, தொழிற்சாலை கேன்டீன், சங்கத் தேர்தல் எல்லாமே பள்ளிக்கூடங்கள்தான். அங்கே யாரும் யாருக்கும் எஜமானர் இல்லை, அதனால் யார் யார் மொழியைக் கற்பது என்று கேள்வியே எழவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் அரைகுறையாகக் கற்றோம்.

இன்றைக்கு என் மகள் மாரத்தஹள்ளி தாண்டி ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். ஆறேழு பிளாக். கீழே கேட்டில் நிற்கும் காவலாளி ராய்ச்சூர்க்காரர். சொந்த ஊரில் மழை பொய்த்துப் பிழைப்புத் தேடி வந்தவர். அவரும் இந்த நகரத்துக்குப் புலம்பெயர்ந்தவர்தான், தன் சொந்த மாநிலத் தலைநகருக்கு. இன்டர்காமில் மாடிக்குக் கூப்பிட்டு "டெலிவரி ஆயா ஹை மேடம்" என்கிறார். வந்த ஆறே மாதத்தில் இந்தி கற்றுக்கொண்டார், இல்லாவிட்டால் வேலை நிலைக்காது. நான் கன்னடத்தில் பேச்சுக் கொடுத்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் சொன்னது: "நம்ம ஊரல்லி நாவே இந்தி கலிபேகு சார்." நம்ம ஊரிலேயே நாமதான் இந்தி கற்க வேண்டியிருக்கிறது. குரலில் கோபம் இல்லை. பார்சல் வந்த பையனின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார். அந்த நோட்டில் மட்டும் கன்னட எழுத்து.

அந்தக் கட்டடம் நிற்கும் நிலம் ஒரு கிராமத்தின் வயல். 2007இல் சுற்றியிருந்த 110 கிராமங்களையும் நகராட்சிகளையும் சேர்த்துத்தான் பெருநகர மாநகராட்சி அமைந்தது. நிலம் வைத்திருந்தவர்களில் சிலர் விற்றுப் பணக்காரர் ஆனார்கள், பி.ஜி. விடுதி கட்டி வாடகை வாங்குகிறார்கள். நிலமில்லாதவர்களுக்கு அந்த வயலில் இருந்த கூலி வேலையும் போயிற்று. ஐ.டி. கம்பெனி ஆங்கிலம் கேட்டது. கிடைத்தது ஓட்டுநர் வேலை, காவலாளி வேலை, வீட்டு வேலை. காவிரித் தண்ணீர் தொரெகாடனஹள்ளியில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் ஏற்றி நகரத்துக்கு வருவது 1974 முதல். அந்த 110 கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கியது 2024 அக்டோபரில். அதுவரை போர்வெல்லும் டேங்கரும்தான். அந்த வருஷக் கோடையில் போர்வெல்கள் வற்றி ஊரே தவித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நிலம், வேலை, தண்ணீர், வாடகை என்று வரிசையாகப் போன ஒருவனுக்கு, "இது என்னுடையது" என்று பிடித்துக்கொள்ள மிஞ்சியது நாக்கில் இருக்கும் மொழி. வேலை பறிபோனதற்கு யாரிடம் போய்ச் சண்டை போடுவான்? எதிரே ஆட்டோவில் உட்கார்ந்து "கன்னட கொத்தில்லா" (கன்னடம் தெரியாது) என்று முகத்தைத் திருப்பிக்கொள்பவரிடம் போட முடியும்.

இதில் அரசியல்வாதிக்கு லாபம், போனில் பதிவு செய்து போடுகிறவருக்கு லாபம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தீக்குச்சி உரசுகிறவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சருகு எப்படிக் குவிந்தது என்று பார்க்க மறந்துவிடுவோம்.

தமிழர்களுக்குக் கூடுதல் வெறுப்பா என்றால், அன்றாடத்தில் இல்லை. இன்றைய உரசல் பெரும்பாலும் இந்தியோடு. 2017இல் மெட்ரோ நிலையங்களில் இந்திப் பலகைகளை எதிர்த்து இயக்கம் நடந்தது, பலகைகள் மறைக்கப்பட்டன. 2023 டிசம்பர் 27 அன்று பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் வேண்டும் என்று கேட்டுக் கடைகளின் ஆங்கிலப் பலகைகளை உடைத்தார்கள். அதில் தமிழருக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் காவிரி என்ற ஒரு சொல் போதும், எல்லாம் மாறிவிடும்.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததை ஒட்டிக் கலவரம் வெடித்தது. அல்சூரில் நாங்கள் கூட்டமாக இருந்ததால் பிழைத்தோம். சித்தி வீடு மாகடி ரோடு பக்கம், சுற்றிலும் கன்னடக் குடும்பங்கள். எதிர் வீட்டு அஜ்ஜி ஓடி வந்து, சித்தி வீட்டுச் சுவரில் இருந்த தமிழ் தினசரி காலண்டரைக் கழற்றி முந்தானையில் சுருட்டிக்கொண்டு, தன் வீட்டுக் கன்னடக் காலண்டரை அந்த ஆணியில் மாட்டினார். பிறகு எங்கள் சித்தி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்க ஆரம்பித்துவிட்டார். கட்டைகளோடு வந்த பையன்களிடம் தலை நிமிராமல் "இது நம்ம மனெ, ஹோக்ரோ" என்றாராம். இது நம்ம வீடு, போங்கடா என்று அர்த்தம். அவர்கள் போய்விட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்த குடிசைகளுக்கு அப்படி ஓர் அஜ்ஜி இல்லை. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான தமிழர்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊரை விட்டுப் போனார்கள். சித்தி குடும்பமும் ஆம்பூர் போய்ப் பொங்கல் முடிந்துதான் திரும்பியது. 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடியும் தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்தன. "கொங்கா" என்று தமிழரைத் திட்டும் ஒரு சொல் இங்கே உண்டு. சின்ன வயதில் நான் அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். இன்று திருப்பூரிலும் சென்னையிலும் "வடக்கன்" என்று நம் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு அதே இடத்தில் வலிக்கிறது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, அவர்கள் பயந்துபோய் ரயில் நிலையங்களில் குவிந்தார்களே, அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குச் சித்தியின் மூட்டை முடிச்சுதான் நினைவுக்கு வந்தது.

நல்லதும் நடந்திருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை 18 வருஷம் சாக்குத்துணி மூடி நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை. நான் அல்சூர்க் கூட்டத்தில் நின்று பார்த்தேன். துணி விலகியபோது கைதட்டியவர்களில் பாதிப்பேர் கன்னடர்கள்.

"மண்ணின் மைந்தர்" சட்டத்தை நினைத்துப் பலர் பயப்படுகிறார்கள். 2024 ஜூலையில் தனியார் துறையில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு மசோதாவுக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, தொழில்துறை எதிர்த்ததும் நிறுத்தி வைத்தது. வேலைக்குக் கோட்டா வைப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதில் உள்ளூர்க்காரர் யார் என்று எழுதியிருந்ததைக் கவனியுங்கள்: கர்நாடகத்தில் பிறந்து, 15 வருஷம் இங்கே வாழ்ந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர். சாதியோ வீட்டு மொழியோ கேட்கவில்லை. அந்தக் கணக்குப்படி நானும் உள்ளூர்க்காரன்தான்.

ஒன்று மட்டும் இங்கே வந்து செய்துவிடாதீர்கள். "கன்னடம் தமிழில் இருந்து பிறந்தது" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். 2025 மே மாதம் கமல்ஹாசன் மேடையில் அதைச் சொல்லி, அவர் படமே கர்நாடகத்தில் வெளிவரவில்லை. திரையிடவிடாமல் மிரட்டியது தவறு, உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டித்தது. ஆனால் சொன்னதும் சரியில்லை. இரண்டும் ஒரே மூலத்தில் இருந்து கிளைத்தவை என்பதுதான் மொழியியல் சொல்வது. அக்காளையும் தங்கையையும் தாயும் மகளும் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

சகோதர மொழி என்பதால் உங்களுக்கு ஒரு வசதி. டெல்லிக்காரர் ஒரு வருஷத்தில் கற்பதை நீங்கள் மூன்று மாதத்தில் கற்கலாம். நம் சொல்லின் தொடக்கத்தில் உள்ள பகரத்தை ஹகரமாக்கினாலே பாதிக் கன்னடம் வந்துவிடும். பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பூ ஹூவு, பத்து ஹத்து, பெயர் ஹெசரு. நம் வகரம் பல இடங்களில் அங்கே பகரம். வா என்பது பா, வெள்ளி பெள்ளி, விரல் பெரளு, வாழை பாளெ. பெரியவர்களை "நீனு" என்று கூப்பிடாதீர்கள், அது நம் "நீ". "நீவு" என்றுதான் சொல்ல வேண்டும். வினையோடு இகரம் சேர்ந்தால் மரியாதை: ஹேளி (சொல்லுங்கள்), பன்னி (வாருங்கள்), கொடி (கொடுங்கள்). தப்பும் தவறுமாகப் பேசினால் சிரிப்பார்களோ என்று கூச வேண்டாம். இந்த ஊர் ஆட்டோக்காரருக்கு நாலு மொழி தெரியும். கன்னடம் போக மிச்சத்தை அவர் எங்களுக்காகக் கற்றார். ஒன்று திரும்பி வருகிறது என்றால் இலக்கணம் பார்க்கமாட்டார். மகளுக்குப் பள்ளியில் கன்னடம் கட்டாயம் இருக்கும், அதைத் தொல்லையாக நினைத்து அவள் காதுபடப் பேசாதீர்கள்.

வீடு எங்கே பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஆபீஸ் கிழக்குப் பக்கம் என்றால் முருகேஷ்பாளையா, காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் மாதிரித் தெருவோடு சேர்ந்த இடங்களில் தனி வீடோ மாடிப் போர்ஷனோ பாருங்கள். நீச்சல் குளம் இருக்காது, பார்க்கிங் தகராறு இருக்கும். ஆனால் மாடியில் ஒரு கன்னட வீட்டுக்காரர், எதிரே ஒரு மலையாளி டீக்கடை, முக்கில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். காவிரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வருகிறது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

வந்த மறுநாள் காலை, ஆப்பில் போடாமல், முக்கில் இருக்கும் நந்தினி பால் பூத்துக்கு நீங்களே நடந்து போங்கள். "ஒந்து லீட்டர் ஹாலு கொடி" என்று கேளுங்கள். உங்கள் உச்சரிப்பைக் கேட்டதுமே அவர் "எந்த ஊருங்க?" என்று தமிழில் பேசத் தொடங்கிவிடுவார். இங்கே எல்லோருக்கும் அது நடக்கும். மதுரை என்று சொல்லிவிட்டு வாருங்கள். அடுத்த நாளும் கன்னடத்திலேயே கேளுங்கள்.